இரவு வியர்வைக்குத் தண்ணீர்விட்டான் கிழங்கு

கேள்வி: வயது 49. மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போகிறது. நடுராத்திரியில் உடம்பு கொதித்து வியர்த்துக் கொட்டுகிறது. தண்ணீர்விட்டான் கிழங்கு சாப்பிடலாமா?

பதில்: சாப்பிடலாம், சகோதரி, ஓரளவு தணியலாம், அடியோடு நிற்காது. பச்சைக் கிழங்கின் தோலைச் சீவி, நடு நரம்பை உருவிவிடுங்கள். உருவாமல் விட்டால் பொடி நார்நாராகும். நறுக்கி, சடக்கென ஒடியும்வரை உலர்த்துங்கள். ஈரம் தங்கினால் பூசணம் பிடிக்கும். சலித்த பொடி 3 கிராமை, பாலும் தண்ணீரும் 100 மி.லி. வீதம் கலந்து சிறுதீயில் பாதியாக வற்றவைத்துப் படுக்குமுன் குடியுங்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களும், நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். மாதவிலக்கு நின்று ஓராண்டுக்குப் பிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும் உடனே மகளிர் மருத்துவரிடம் போங்கள்.