நாட்டுக்காகச் சட்டத்தை மீறலாமா? – கேள்வி பதில்

போன மாதம் தர்மபுரியில் எங்கள் வாசகர் வட்டம் கூடியபோது ஒருவர் கேட்டார்: "அரசே திருட்டுத்தனமாகச் சட்டத்தை மீறினாலும் அது நாட்டுக்கு நல்லதாக முடியலாம் இல்லையா?" நேரம் போதவில்லை. மீதிக் கேள்விகளை எழுதிக் கொடுங்கள் என்றேன், கொடுத்துவிட்டார்கள். நான் வருவாய்த்துறையில் முப்பது வருடத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன். ஓய்வுக்குப் பிறகு உளவு அமைப்புகளின் வரலாறுதான் வாசிப்பு. எதையும் கோப்பு வழியாகவே பார்க்கிற புத்தி இன்னும் போகவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாலக்கோடு, தக்காளி வியாபாரி: உளவு என்றாலே திருட்டுத்தனம்தானே சார்? அதில் சட்டம் எங்கே வந்தது?

பாதி சரி. அடுத்த நாட்டில் போய் வேவு பார்ப்பவர் அந்த நாட்டுச் சட்டத்தை மீறித்தான் ஆக வேண்டும். எல்லா நாடும் அதைச் செய்கிறது. நம் கேள்வி, சொந்த நாட்டுச் சட்டத்தைச் சொந்த அரசே மீறுவது பற்றி.

ரகசியம் வேறு, சட்டவிரோதம் வேறு. நம் பாப்பாரப்பட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2004 அக்டோபர் 18 இரவு வீரப்பன் கண் சிகிச்சைக்குப் போகிறோம் என்று நம்பி ஏறிய ஆம்புலன்ஸ் அதிரடிப்படை ஏற்பாடு செய்தது. ஓட்டியவரும் போலீஸ். பொய், வேடம், பொறி எல்லாம் உண்டு, ஆனால் பொறி வைக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. (அன்று துப்பாக்கிச் சூடு எப்படி நடந்தது என்பதற்கு ஊரில் வேறு கதைகளும் உண்டு. அது தனிப் பஞ்சாயத்து.) அதே வேட்டையில் 1990களில் மலையோரத்து மக்களை விசாரணை என்று கொண்டுபோய் அடைத்து வைத்து அடித்தார்களே, அது சட்டவிரோதம். தேசிய மனித உரிமை ஆணையம் சதாசிவா குழுவை வைத்து விசாரித்து, 2007இல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. இவ்வளவு அடித்தும் ஆள் சிக்கவில்லை. கடைசியில் வேலைக்கு ஆனது அந்த ஆம்புலன்ஸ்தான்.

ஓசூர், கல்லூரி மாணவர்: சட்டத்தை மீறியும் நாட்டுக்கு லாபம் வந்த உதாரணம் வெளிநாட்டில் இருக்கிறதா ஐயா?

லாபம் என்று சொல்லிக்கொண்டு செய்ததில் பெரியது ஈரான்–கான்ட்ரா. 1985, 86இல் அமெரிக்காவில் ரீகன் ஆட்சி. லெபனானில் ஈரான் ஆதரவுக் குழுவிடம் அமெரிக்கர்கள் பிணைக்கைதிகளாக இருந்தார்கள். அவர்களை மீட்க ஈரானுக்கு ரகசியமாக ஏவுகணை விற்றார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கை நிகரகுவாவில் அரசை எதிர்த்துச் சண்டை போட்ட கான்ட்ராக்களுக்குத் திருப்பிவிட்டார்கள். கான்ட்ராக்களுக்கு ராணுவ உதவி செய்யக்கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் அப்போது சட்டமே போட்டிருந்தது.

சரி, கணக்கைப் பார்ப்போம். பிணைக்கைதிகளில் மூன்று பேர் வந்தார்கள். 1986இல் புதிதாக மூன்று பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆளுக்கு ஒரு விலை உண்டு என்று தெரிந்துவிட்டால் சரக்கு பிடிக்கத்தானே செய்வான்?

எனக்கு இதில் மறக்க முடியாதது காகித விஷயம். 1986 நவம்பரில் பெய்ரூட் பத்திரிகை ஒன்றில் கதை வெளிவந்ததும், இந்த வேலையை வெள்ளை மாளிகையிலிருந்து நடத்திய ராணுவ அதிகாரி ஆலிவர் நார்த்தின் அலுவலகத்தில் கோப்புகளை இயந்திரத்தில் போட்டுத் துண்டு துண்டாக்கினார்கள். அவருடைய செயலாளர் மிச்சத்தை பூட்ஸுக்குள்ளும் உடைக்குள்ளும் செருகிக்கொண்டு வெளியே போனார். பாதுகாப்பு ஆலோசகர் பாயின்டெக்ஸ்டர் ஆயுத விற்பனைக்கு அதிபர் கையெழுத்திட்ட அனுமதியையே கிழித்துப்போட்டார். அரசியல் சங்கடம் வரும் என்றுதான் கிழித்தேன் என்று 1987 விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார். நாட்டின் நலன் என்ற பேச்சே அந்தப் பதிலில் இல்லை. நார்த், பாயின்டெக்ஸ்டர் இருவர் மீதும் வந்த தீர்ப்புகள் மேல்முறையீட்டில் ரத்தாகிவிட்டன. 1992 டிசம்பரில் அதிபர் புஷ் இந்த விவகாரத்தில் இன்னும் ஆறு பேருக்கு மன்னிப்புக் கொடுத்தார்.

கிருஷ்ணகிரி, செவிலியர்: பின்லேடனைக் கண்டுபிடித்தது நல்லதுதானே?

நல்லதுதான். ஆனால் உங்கள் தொழிலில் இருப்பவர் இதையும் கேட்க வேண்டும். பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் ஒரு வீட்டில் பின்லேடன் இருக்கிறாரா என்று பார்க்க, அங்கே ஒரு உள்ளூர் மருத்துவரை வைத்து அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. மஞ்சள் காமாலைத் தடுப்பூசி முகாம் என்று நாடகம் போட்டது. வீட்டுப் பிள்ளைகளின் ரத்த மாதிரிதான் குறி. 2011இல் விஷயம் வெளியே வந்த பிறகு ஊசிக்காரர்கள் எல்லாம் உளவாளிகள் என்ற பேச்சு பாகிஸ்தானில் கெட்டிப்பட்டது. போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போன பெண்களைச் சுட்டுக் கொன்றார்கள். இனி தடுப்பூசித் திட்டங்களை உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று வெள்ளை மாளிகை 2014இல் எழுதிக் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை சாவடியில் நீங்கள் பெட்டியோடு உட்கார்ந்தால் தாய்மார்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் பாருங்கள், அந்த நம்பிக்கையைத்தான் அங்கே செலவழித்தார்கள்.

ஊத்தங்கரை: நம் உளவுத்துறைக்கு என்ன சட்டம்?

உள்நாட்டு உளவு பார்க்கும் ஐ.பி.யும் சரி, வெளிநாட்டு உளவுக்கு 1968இல் வந்த 'ரா'வும் சரி, நாடாளுமன்றம் தனிச்சட்டம் போட்டு உருவாக்கியவை அல்ல. இது பெரிய ஓட்டை என்பது என் கருத்து. தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு மட்டும் 1996இல் உச்ச நீதிமன்றம் வரம்பு போட்டது: உள்துறைச் செயலாளர் எழுத்தில் உத்தரவு போட வேண்டும், குழு ஒன்று அதைப் பரிசீலிக்க வேண்டும்.

பென்னாகரம், ஆட்டோ ஓட்டுநர்: நாளைக் காலை குண்டு வெடிக்கும், ஒருத்தனைச் சட்டத்தை மீறித் தூக்கினால் தடுக்கலாம். நீங்களாக இருந்தால்?

தூக்குவேன் என்றுதான் நினைக்கிறேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால் மறுநாள் என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீதிபதி முன்னால் நிற்க வேண்டும். அப்புறம் விடுவதும் உள்ளே போடுவதும் அவர் பாடு. நான் படித்த விவகாரங்களில் அப்படி நின்றவர்கள் மிகக் குறைவு.

அரூர், பெயர் வேண்டாம் என்றவர்: என் மாமா வனத்துறையில் கடைநிலை ஊழியர். வாச்சாத்தியில் மேலதிகாரிகள் சொன்னதைத்தானே செய்தார்கள்? மாட்டியதெல்லாம் கீழே இருந்தவர்கள்.

இது கஷ்டமான கேள்வி. அரூர் பக்கத்து மலைக்கிராமம் வாச்சாத்தியில் நடந்தது ரகசியமாக நடக்கவில்லை. 1992 ஜூன் 20 பட்டப்பகலில், சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊரையே ஆலமரத்தடியில் கூட்டினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். ரகசியம் அதற்குப் பிறகுதான்: அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அரசு சாதித்தது. 1995இல் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துபோக, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011இல் தர்மபுரி நீதிமன்றம் சொன்னது. அதில் ஐந்து பேர் என் துறைக்காரர்கள், அதனால் நானும் தலை நிமிர்ந்து பேசவில்லை.

மேலே சொன்னார்கள் என்பது நீதிமன்றத்தில் எடுபடாது. போலி என்கவுன்டர் வழக்கு ஒன்றில் அதே 2011இல் உச்ச நீதிமன்றமும் இதைச் சொல்லியிருக்கிறது. ஆனால் உங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. 2023 செப்டம்பரில்தான் உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்து, அன்றைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. 31 வருடம்.

மாமாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: அன்று யாராவது எழுத்தில் உத்தரவு கொடுத்தார்களா? என் சர்வீஸில் இந்த மாதிரி வேலைக்கு வந்ததெல்லாம் வாய்மொழி உத்தரவுதான்.