சுவரில் மாட்டும் பழைய கொட்டகை

கேள்வி: பழைய மரக் கொட்டகை ஒன்றின் புகைப்படத்தைப் பார்த்து அட்டையில் சிறு மாதிரி செய்து சுவரில் மாட்டினேன். அது பெட்டியைப்போல் துருத்திக்கொண்டு நிற்கிறது. பலகைகளுக்குப் பூசிய சாம்பல் வண்ணமும் நேற்று அடித்ததுபோல் இருக்கிறது. எங்கே தவறினேன்?
– ஒரு வாசகி

பதில்: முகப்புக்கு எடுத்துக்கொண்ட அளவையே ஆழத்துக்கும் எடுத்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 1:24 என்ற விகிதத்தில் 6 மீட்டர் அகல முகப்பு 25 செ.மீ. ஆகும், சுவருக்கு அது அழகான அளவு. ஆனால், 8 மீட்டர் ஆழமுள்ள கொட்டகையை அதே விகிதத்தில் செய்தால் 33 செ.மீ. வெளியே நீண்டு நிற்கும். எனவே நீள அகலங்களைக் கணக்குப்படி வைத்துக்கொண்டு, ஆழத்தை மட்டும் ஐந்தாறு செ.மீ.க்குள் அமுக்கிவிடுங்கள். கூரை செங்குத்தாகிவிடுமே என்று தோன்றும். முகட்டின் உயரம் சரியாக இருந்தால், நேரே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. இறவாரத்தை மட்டும் அமுக்கக் கூடாது. உண்மையில் 45 செ.மீ. நீண்டிருக்கும் இறவாரம் மாதிரியில் ஏறக்குறைய 19 மி.மீ. முழுமையாக நீள வேண்டும். அது சுவரில் வீழ்த்தும் நிழல்தான் மொத்தக் கட்டடத்துக்கும் கனம் தருகிறது.

புகைப்படத்தில் அளவு எதுவும் இல்லையென்றால், கதவின் உயரத்தைச் சுமார் 2 மீட்டர் என்று கொண்டு, மற்றவற்றை அதிலிருந்து கணக்கிடலாம்.

இனி நிறத்துக்கு வருவோம். மரம் நரைப்பது வண்ணத்தால் அன்று. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்க, மழை அதைக் கழுவிச் செல்ல, எஞ்சும் நார்கள்தாம் சாம்பலாகத் தெரிகின்றன. ஆகவே அட்டையை விட்டுவிட்டு மெல்லிய மரப்பட்டிகளுக்கு மாறுங்கள். சாதாரண இரும்பு நாரை வினிகரில் ஓரிரு நாள் ஊறவிட்டு வடிகட்டிய நீரை மரத்தில் தடவினால், மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு அது வினைபுரிந்து, சில நிமிடங்களில் மரம் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்துச் சாம்பலாகும். டானின் குறைந்த வெளிர் மரமானால், முதலில் கடுந்தேநீரைப் பூசிக் காயவிடுங்கள். எவர்சில்வர் நார் இதற்கு உதவாது. ஊறும்போது வாயு வெளியேறுமாதலால் புட்டியை இறுக மூடவும் வேண்டாம்.

எல்லாப் பலகைகளையும் ஒரேயடியாக முதுமையாக்குவது, இக்கலையில் கைதேர்ந்தவர்களும் செய்யும் பிழை. இறவாரத்தின் அடியில் மழை படாத முதல் இரண்டு விரற்கடை மரம் பழுப்பாகவே இருக்கட்டும். தரையை ஒட்டிய பலகை முனைகள் கறுத்துச் சிதைந்திருக்கட்டும். ஆணித் தலைக்குக் கீழே மயிரிழை போன்ற ஒரு துருக்கோடு இறங்கட்டும்.

கேள்வி: மாதிரியை ஒட்டிய பின்பலகை ஒரே வாரத்தில் வில்லாக வளைந்துவிட்டது. காரணம் என்ன?
– மற்றொரு வாசகர்

பதில்: ஒரு பக்கம் மட்டும் பசையும் வண்ணமும் பூசியிருக்கிறீர்கள். அவை காய்ந்து சுருங்கும்போது பலகையைத் தம் பக்கம் இழுக்கின்றன. முன்புறம் பூசும் அன்றே பின்புறத்துக்கும் ஒரு பூச்சு கொடுத்துவிட்டால், இரு இழுப்பும் சமமாகிவிடும். ஏற்கெனவே வளைந்த பலகைக்குப் பின்னால் குறுக்குச் சட்டம் இரண்டு அடித்துப் பாருங்கள்; சிறிய வளைவானால் நிமிரும்.