ஆறாவது நைட்டும் ஆரஞ்சு மூடியும்

கேள்வி: கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இன்சார்ஜ் சிஸ்டராக இருக்கிறேன். என் வார்டில் 24 வயதுப் பெண் ஒருத்தி, ஆறாவது நைட் டியூட்டி முடிகிற நேரத்தில் இன்சுலினைக் கூடுதலாகப் போட்டுவிட்டாள். மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்தை, மில்லிக்கு 40 யூனிட் மருந்துக்கான சிரிஞ்சில் எடுத்திருக்கிறாள். நோயாளிக்குச் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டியது. டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) கொடுத்துச் சரிசெய்தோம். டாக்டர் எல்லார் எதிரிலும் திட்டினார், மெமோவும் வந்தது. அன்றிலிருந்து யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. எந்த மருந்தையும் மூன்று தடவை பார்த்துவிட்டு நாலாவதாக என்னிடம் தூக்கி வருகிறாள். கவுன்சிலிங் அனுப்பினால் ‘மெண்டல்’ என்று பெயர் வைத்துவிடுவார்கள். நிர்வாகம் எங்களுக்கு யோகா வகுப்பு ஏற்பாடு செய்கிறது. நான் என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாம், கடலூர்

பதில்: சிஸ்டர், நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ‘ஆறாவது நைட்’ என்ற இடத்தில்தான் என் கண் நின்றது. அந்த டியூட்டி லிஸ்ட்டைப் போட்டது யார்? கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆள் பற்றாக்குறை எனக்கும் தெரியும். நானும் பல வருஷம் அந்த நோட்டைப் பிடித்தவள்தான்.

முதலில் சிரிஞ்சைப் பார்ப்போம். சிவப்பு மூடி 40, ஆரஞ்சு மூடி 100. சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை எடுத்தால் அரை மில்லி. 100 யூனிட் மருந்தில் அது 50 யூனிட், அதாவது இரண்டரை மடங்கு. இரண்டு சிரிஞ்சும் ஒரே டிரேயில் கிடந்தால், விடிய விடிய விழித்த கண்ணுக்கு மூடியின் நிறமா தெரியும்? இன்றைக்கே அவளோடு சேர்ந்து உட்கார்ந்து டிரேக்களைப் பிரித்து வையுங்கள். ‘தப்பு டிரேயிலும் இருந்தது, என் லிஸ்ட்டிலும் இருந்தது’ என்று டியூட்டி மாறும்போது, ஹேண்டோவரில், எல்லார் காதிலும் விழச் சொல்லுங்கள். எல்லார் எதிரிலும் வாங்கிய திட்டுக்கு எல்லார் எதிரிலும்தான் மருந்து போட வேண்டும்.

ஆல்பர்ட் வூ என்ற அமெரிக்க மருத்துவர், இப்படித் தவறில் சிக்கிக்கொண்டவர்களை ‘இரண்டாவது பாதிக்கப்பட்டவர்’ என்று 2000-ல் எழுதினார். முதலாமவர் நோயாளி. அவருக்கு டெக்ஸ்ட்ரோஸ் கொடுத்தீர்கள். இவளுக்குக் கிடைத்தது மெமோ.

2011 டிசம்பர் 30, தானே புயல். மாற்று ஆள் வர வழியில்லை. இருந்தவர்களே தொடர்ந்து பார்த்தோம். பி.பி. பார்த்துக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண் பட்டையைச் சுற்றியபடியே தேம்ப ஆரம்பித்தாள். ‘நோயாளி முன்னால் அழாதே’ என்று அதட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். இன்றும் அது என்னை உறுத்துகிறது.

யோகா நல்லதுதான். நைட் முடித்தவளை ஒன்பது மணி வகுப்புக்கு நிறுத்தினால் அது தூக்கத் திருட்டு. உங்கள் கையில் இருப்பது லிஸ்ட். அதில் கை வையுங்கள். நைட்டைத் தொடர்ந்து அடுக்காதீர்கள். காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுற்றினால் உடம்பு கொஞ்சம் பழகும். தலைகீழாகச் சுற்றினால் திணறும். நைட் முடிந்த அன்றே மாலை டியூட்டி போடவே கூடாது. நடு இரவில் 20 நிமிஷம் ஒருவர் பார்க்க, ஒருவர் சாயட்டும்.

கவுன்சிலிங்குக்கு நீங்கள் ‘அனுப்ப’ வேண்டாம். வழியைக் காட்டுங்கள், போவது அவள் விருப்பம். 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். நேரில் என்றால் புதுச்சேரி ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. (தெரிந்தவர் கண்ணில் படாமல் இருக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்; ஊரில் பாதிப்பேர் அங்கேதான் நிற்பார்கள்.) அவள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க 2017 மனநலச் சட்டமே சொல்கிறது. நீங்களும் யாரிடமும் மூச்சுவிடாதீர்கள்.

தூக்கமே இல்லை, ‘நான் இருந்து என்ன’ என்கிற பேச்சு வருகிறது என்றால், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

மெமோவுக்கு இன்னும் விளக்கம் கொடுக்கவில்லை என்றால், எழுதும்போது பக்கத்தில் இருங்கள். தொடர்ந்து ஆறு நைட் பார்த்ததை அதில் எழுதச் சொல்லுங்கள். கீழே உங்கள் கையெழுத்தும் இருக்கட்டும்.