விளையாட்டுக்குப் பெயர்போன நகரத்துப் பாடசாலையில் பிள்ளையைச் சேர்த்தால் படிப்பு கெடுமா?

கேள்வி கேட்டவர் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மாற்றலாகி வருகிறாராம். மகன் ஆறாம் தரம். யாழ் மத்திய கல்லூரியில் இடம் கிடைக்கும் போலிருக்கிறது, ஆனால் "அங்கே எந்நேரமும் கிரிக்கெட்தான், படிப்பு போய்விடும்" என்று யாரோ பயமுறுத்திவிட்டார்கள்.

மத்திய கல்லூரியை நாங்கள் சென்ட்ரல் என்போம். நான் அங்கே படித்தவன். டீமில் இருந்தவன் இல்லை. மட்ச் நாட்களில் ஸ்கோர்போர்ட்டுக்குக் கீழே நின்று இலக்கத் தட்டு மாட்டுகிற வேலை எனக்கு. ஓட்டம் எடுத்தவனைவிட அதைப் பார்த்துக்கொண்டு நின்றவனுக்குச் சில விஷயங்கள் கூடத் தெரியும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் அந்த இடத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் பொது நூலகம், கொஞ்சம் தள்ளிக் கோட்டை, மணிக்கூட்டுக் கோபுரம், கூப்பிடு தூரத்தில் வேம்படி மகளிர். நகரத்தின் நடுவில் மைதானம். பின்னேரம் பயிற்சி நடந்தால், வேலை முடிந்து போகிறவர் சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டு அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார். யார் பெற்ற பிள்ளை என்று தெரியாது, ஆனாலும் "தம்பி, முன்னங்காலைப் போட்டு அடி" என்று புத்தி சொல்வார். பணமோ பெரிய வசதியோ எங்களிடம் இருந்ததில்லை. மெதடிஸ்த மிஷனரிமார் 1816இல் தொடங்கிய பள்ளி, 1960இல் அரசாங்கம் பொறுப்பெடுத்தது. சாதாரண அரசுப் பாடசாலைதான். அந்த மதிலடி ஆட்கள்தான் எங்கள் சொத்து.

மார்ச் மாதம் பரியோவான் கல்லூரியோடு நடக்கிற 'வடக்கின் போர்' கிரிக்கெட் மட்ச் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1904இல் தொடங்கியது, யுத்தத்தால் சில வருடங்கள் தடைப்பட்டது. கொடி, பாண்ட், கனடாவிலும் லண்டனிலும் இருந்து வந்து இறங்குகிற பழைய மாணவர்கள், கச்சான் கோதால் நிறைந்த தரை. 2002இல், யுத்தத்தால் மூடிக் கிடந்த யாழ்ப்பாணத்து ஏ9 வீதி திறந்த பிறகு வந்தவர்களில் ஒருவர், வாசலில் நின்று மைதானத்தைப் பார்த்து அழுததை நான் கண்டிருக்கிறேன். மட்ச் இன்னும் தொடங்கவே இல்லை.

ஆனால் பெரிய மட்சை வைத்து மட்டும் இந்தப் பள்ளியை அளக்காதீர்கள். எங்கள் பள்ளி விளையாட்டில் செய்த மிகப் பெரிய காரியம் கிரிக்கெட்டே இல்லை, உயரம் பாய்தல். நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் சென்ட்ரல் மாணவர். பதினெட்டு வயது நிறையும் முன்பே 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பாய்ந்தவர், 1956இல் மெல்பேர்னிலும் பாய்ந்தார். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீட்டர் பாய்ந்து தங்கம் எடுத்தார். ஆசிய விளையாட்டுகளில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுதான். 1962 ஜகார்த்தாவில் வெள்ளி. படிப்பு கெடுமா என்று கேட்டீர்களே, அவர் லொஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படித்து, பிறகு கலாநிதிப் பட்டமும் பெற்றவர். 2024இல் காலமானார். அவருக்காக நாங்கள் லொறியில் கொடி கட்டி ஊர்வலம் போனதாக எனக்கு ஞாபகம் இல்லை. பழைய மாணவர்களாகிய எங்கள் கண்ணுக்கு மட்டையும் பந்தும்தான் தெரியும். இது எங்கள் குறை.

இப்போதுள்ள பொடியள் சொல்கிற பெயர் விஜயகாந்த் வியாஸ்காந்த். லெக் ஸ்பின்னர். 2020 டிசம்பரில் லங்கா பிரிமியர் லீக்கில் முதல் மட்ச் விளையாடியபோது பத்தொன்பது வயதுக்கு ஒரு நாள் குறைவு, முதல் விக்கெட் அஞ்சலோ மத்தியூஸ். 2024 மே 8ஆம் திகதி சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்காக ஐபிஎல்லில் இறங்கினார். விக்கெட் விழவில்லை, நாலு ஓவரில் 27 ஓட்டம். அன்று ஹைதராபாத் 166 இலக்கை 9.4 ஓவரில் அடித்து முடித்ததைத்தான் உலகம் பேசியது. எங்கள் வட்ஸ்அப் குழுவில் அந்த 27 ஓட்டத்தைப் பந்து பந்தாகப் பிரித்து இரவு இரண்டு மணி வரை பேசினோம்.

சரி, உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் படிப்பை விளையாட்டு கெடுப்பதைவிட, விளையாட்டை ரியூஷன் கெடுப்பதுதான் அதிகம். எட்டாம் தரம் வரை ஆட்கள் வருவார்கள். ஒன்பது, பத்து வந்ததும் மைதானம் மெலியத் தொடங்கும். மிஞ்சி நிற்பவன் பயிற்சி முடிந்து, பாட்ஸை சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, வியர்வையோடு கெமிஸ்ட்ரி வகுப்பின் கடைசி வாங்கில் போய் இருப்பான். சேர் திட்டுவார் என்று நினைப்போம். "எத்தினை விக்கெட் எடுத்தனி?" என்றுதான் கேட்பார். அப்படி ஓடித் திரிந்தவர்களில் டொக்டர் ஆனவனும் இருக்கிறான், உயர்தரத்தில் கோட்டை விட்டவனும் இருக்கிறான். விளையாடாமல் வீட்டில் இருந்த எங்களிலும் இரண்டு வகையும் உண்டு.

மகனுக்குக் கிரிக்கெட் பிடிக்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம். ஓட்டம், பாய்ச்சல், உதைபந்து என்று எதிலாவது போகட்டும். எதுவுமே வராவிட்டால் என்னைப் போல ஸ்கோர்போர்ட் இருக்கிறது.

அதுவும் லேசான வேலை இல்லை. எனக்குப் பதின்மூன்று வயது. ஏதோ ஒரு சாதாரண மட்ச், எங்கள் அண்ணை ஒருவர் 48இல் நிற்கிறார். பந்து காலில் பட்டுப் போனது, இரண்டு ஓடினார்கள். அம்பயர் முழங்காலைத் தட்டி லெக் பை காட்டியிருக்கிறார், அதாவது அந்த ஓட்டம் டீமுக்குத்தான், அண்ணையின் கணக்கில் சேராது. நான் ஐஸ்கிறீம் வானைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பினால் எல்லாரும் ஓடி முடித்து நிற்கிறார்கள். நாலையும் எட்டையும் கழற்றி, ஐந்தையும் சைபரையும் மாட்டினேன். சனம் கை தட்டியது, அண்ணை மட்டையைத் தூக்கிக் காட்டினார். ஸ்கோரர் மேசையிலிருந்து கத்தினபோதுதான் விளங்கியது. தட்டை மாற்றி முடிப்பதற்குள் அடுத்த பந்தில் ஸ்டம்ப் பறந்தது.

அவர் இப்போது டொரண்டோவில். போன வருடம் வந்தபோது என்னைக் கண்டதும் முதல் கேள்வி, "தம்பி, அந்த ரெண்டு ரன்னும் எங்கை?"