கரண்டி விழ ஒன்பது ஃபிரேம்: அனிமேஷன் மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

அனிமேஷன் படிக்கிறவர்களும் படிக்க நினைக்கிறவர்களும் கேட்ட கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். கதாபாத்திரங்களை அசைய வைப்பதுதான் பன்னிரண்டு வருஷமாக என் வேலை. முதல் நாலு வருஷம் 2டி, அப்புறம் 3டி. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, நான் முதல் வருஷம். மூன்று வாரமாகப் பந்து துள்ளும் பயிற்சியையே செய்யச் சொல்கிறார்கள். என் பந்து பலூன் மாதிரி மிதக்கிறது என்கிறார் சார். எங்கே தப்பு?

பந்தை விட்டுவிட்டு ஒரு கரண்டியை எடுத்துக்கொள்வோம். சாப்பாட்டு மேஜையின் உயரம் சுமார் 75 சென்டிமீட்டர். அதன் விளிம்பிலிருந்து தவறும் கரண்டி தரைக்கு வர 0.39 நொடி ஆகும். நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப் படங்கள், என்ற கணக்கில் ஒன்பது ஃபிரேமுக்குக் கொஞ்சம் மேல். அவ்வளவுதான். புதிதாக வரைகிறவர்கள் இதற்கு இருபது, இருபத்திரண்டு ஃபிரேம் கொடுத்துவிடுவார்கள். நிலாவில் ஈர்ப்பு பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்கு. அங்கே இதே கரண்டி விழ 23 ஃபிரேம் ஆகும். உங்கள் பந்து மிதப்பதற்கு முதல் காரணம் அநேகமாக இதுதான்.

இரண்டாவது காரணம் இடைவெளி. ஃபிரேம் எண்ணிக்கை சரியாக இருந்து, ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரே தூரம் இறக்கினாலும் எடை வராது. விழும் பொருள் அடுத்தடுத்த ஃபிரேம்களில் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் இறங்கும். கலிலியோ கண்டுபிடித்த கணக்கு இது. நம் கரண்டி முதல் ஃபிரேமில் ஒரு சென்டிமீட்டர்கூட இறங்காது. தரையைத் தொடும் முன் ஒரே ஃபிரேமில் 14, 15 சென்டிமீட்டர் பாயும். எத்தனை ஃபிரேம் என்பது டைமிங், ஃபிரேமுக்கு ஃபிரேம் எவ்வளவு தூரம் என்பது ஸ்பேசிங். இந்த இரண்டும் கையில் பழகத்தான் மூன்று வாரம். பந்து குறுக்கே துள்ளிப் போகிறது என்றால் பக்கவாட்டு இடைவெளி கிட்டத்தட்ட சமமாக இருக்கும், மேல் கீழ் இடைவெளி மட்டும் மாறும். இதைத் தனித்தனியாகக் குறித்துப் பாருங்கள், அடுத்த வாரமே பந்து தரைக்கு வந்துவிடும்.

கனடாவில் வேலை செய்த அனிமேட்டர் நார்மன் மெக்லாரன், ஒவ்வொரு ஃபிரேமிலும் இருப்பதைவிட இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவில் நடப்பதே முக்கியம் என்றார். இந்தத் தொழிலில் நான் நம்புகிற ஒரே விஷயம் அதுதான். கீழே வரும் பதில்களிலும் சுற்றிச் சுற்றி அதையே சொல்லியிருப்பேன்.

அனிமேஷனின் பன்னிரண்டு விதிகளும் மனப்பாடம். ஆனாலும் என் கேரக்டர் எதைத் தூக்கினாலும் தெர்மாகோல் தூக்குவது போலிருக்கிறது.

டிஸ்னியில் வேலை செய்த ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-ல் தங்கள் புத்தகத்தில் எழுதிவைத்த விதிகள் அவை. தங்கள் ஸ்டூடியோவில் பல வருஷம் பார்த்துப் பார்த்துச் சேர்த்ததற்குப் பிறகுதான் பெயர் வைத்தார்கள். நீங்களும் முதலில் பார்க்க வேண்டும்.

தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில், அனுமதி கேட்டு, ஒருவர் நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றுவதைப் போனில் எடுங்கள். பிறகு ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துங்கள். (போன் பெரும்பாலும் நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும், 24-க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.) நான் எடுத்ததில் கண்டது இது. கை குடத்தின் கழுத்தைப் பிடித்ததும் உடம்பு மேலே வரவில்லை, இன்னும் கொஞ்சம் கீழே போனது. கால்கள் அகன்றன. அடுத்து இடுப்பு உயர்ந்தது, தோள் நீண்டது, கை விறைத்தது. அதுவரை குடம் தரையை விட்டு அசையவே இல்லை. கிளம்பிய குடம் நேராக இடுப்புக்கும் வரவில்லை. தொடையில் ஒரு கணம் தங்கி, அங்கிருந்து ஒரு உந்தலில் ஏறியது. ஏறியதும் உடம்பு எதிர்ப்பக்கம் சாய்ந்தது, சும்மா இருந்த கை வெளியே விரிந்தது, தலை மட்டும் நேராக நின்றது. கடைசியில் இடுப்பை ஒரு சின்ன வெட்டு வெட்டிக் குடத்தை ஒதுக்கிக்கொண்டார்.

உடம்பு நகர்ந்தும் குடம் நகராத அந்த நாலைந்து ஃபிரேமில்தான் எடை இருக்கிறது. அதே அம்மா வெறுங்குடத்தை எடுக்கும்போது கையும் குடமும் சேர்ந்தே கிளம்பும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைந்தால் தெர்மாகோல் பிரச்சினை போய்விடும்.

தமிழ் வசனத்துக்கு லிப் சிங்க் (வசனத்துக்கேற்ற வாயசைவு) செய்ய, எந்த ஒலிக்கு எந்த வாய் வடிவம் என்று காட்டும் ஆங்கில அட்டவணைதான் நெட்டில் கிடைக்கிறது. அதை வைத்துச் செய்தால் டப்பிங் படம் மாதிரி இருக்கிறது, அக்கா.

நல்ல கேள்வி. வாயின் வடிவங்களை அந்த அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நீளத்தை நம் மொழியிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதற்கு நமக்கு மாத்திரை இருக்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. கண் இமைப்பதையும் கை நொடிப்பதையும் மாத்திரைக்கு அளவாகத் தொல்காப்பியம் சொல்கிறது. நேரத்தை உடம்பின் அசைவால் அளந்திருக்கிறார்கள், அனிமேட்டர் செய்வதும் அதைத்தான். அதைப் படித்த நாளில் எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சமல்ல.

இயல்பான வேகத்தில் பேசும் கேரக்டருக்குக் குறில் 2 ஃபிரேம், நெடில் 4, மெய் 1 என்று தொடங்குங்கள். பிறகு ஒலியைக் கேட்டு நீட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். நம் மொழியில் பெரிதாகக் கண்ணில் படுவது இரட்டிக்கும் எழுத்து. ‘அபாயம்’ என்பதில் உதடு பட்டுப் பிரிந்துவிடும், 2 ஃபிரேம் போதும். ‘அப்பா’ என்பதில் மூடிய உதடு 3, 4 ஃபிரேம் மூடியே இருக்கும். அந்தப் பிடிப்பை விட்டால் குழந்தை அப்பாவைக் கூப்பிடுவது போலவே இருக்காது. ‘அம்மா’வும் அப்படித்தான். வேகமான வசனத்தில் இடம் போதவில்லையா, முந்தைய உயிரெழுத்திலிருந்து ஒரு ஃபிரேம் எடுத்துக்கொள்ளுங்கள், மூடிய உதட்டைத் தியாகம் செய்யாதீர்கள். ல, ள, ழ மூன்றுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வாய் கிட்டத்தட்ட ஒன்றுதான். நாக்கு உள்ளே செய்யும் வேலைக்குத் தனி வடிவம் வரைந்து சிரமப்பட வேண்டாம்.

மேடம், பையன் பிளஸ் டூ கணிதம். ஓவியம் முறையாகக் கற்றதில்லை. அனிமேஷன்தான் வேண்டும் என்கிறான். விடலாமா? எங்கே சேர்ப்பது?

விடலாம் ஐயா. இந்திய அனிமேஷனின் தந்தை என்று சொல்லப்படும் ராம் மோகன் வேதியியல் படித்தவர். 1956-ல் மும்பை ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் அப்போது அங்கே வந்து பயிற்சி கொடுத்தார். வேலையில்தான் கற்றார்கள். ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகி கல்லூரியில் படித்தது அரசியலும் பொருளாதாரமும்.

அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் நுழைவுத் தேர்வுக்கு இப்போதே தயாராகச் சொல்லுங்கள். சென்னை தரமணியில் தமிழ்நாடு அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்திலும் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் பட்டப்படிப்பு இருக்கிறது. தனியார் நிறுவனம் என்றால் பணம் கட்டும் முன் நேரில் போங்கள். சுவரில் மாட்டியிருக்கும் படங்களை விட்டுவிட்டு, இரண்டாம் வருஷத்தில் சுமாராகப் படிக்கும் ஒருவரின் வேலையைக் காட்டச் சொல்லுங்கள். உயிருள்ள ஆளை முன்னால் நிறுத்தி வரையும் வகுப்பு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். நான் முதலில் சேர்ந்த இடத்தில் அப்படி ஒரு வகுப்பே இல்லை. எட்டு மாசம் சாஃப்ட்வேர் பட்டன்களைக் கற்றுக்கொண்டு வெளியே வந்தேன். அப்புறம் எழும்பூர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து ஆட்களை வரைந்து வரைந்து அந்தக் குறையை நானே தீர்க்க வேண்டியிருந்தது. வேலைக்கு எடுக்கும்போது ஷோரீலைத்தான், அதாவது நீங்கள் செய்தவற்றைத் தொகுத்த சின்ன வீடியோவைத்தான், பார்ப்பார்கள். சான்றிதழைக் கேட்டது எனக்கு ஞாபகமே இல்லை.

நல்ல லேப்டாப் இல்லாமல் ஆரம்பிக்க முடியுமா?

முடியும். 2டி-க்கு ஓப்பன்டூன்ஸ், கிரிட்டா இரண்டும் இலவசம். ஓப்பன்டூன்ஸ், மியாசாகியின் ஸ்டூடியோ ஜிப்லி பயன்படுத்திய டூன்ஸ் மென்பொருளிலிருந்து 2016-ல் திறந்துவிடப்பட்டது. 3டி-க்குப் பிளெண்டர். 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படம் ‘ஃப்ளோ’ பிளெண்டரில் செய்ததுதான். திரை இல்லாத சாதாரண பென் டேப்லெட் போதும்.

அண்ணன்மார் எல்லாரும் மியாசாகி பார் என்கிறார்கள். பார்த்துப் பார்த்து என் ஸ்கெட்ச்புக் முழுக்க அவர் மாதிரியே ஆகிவிட்டது. எனக்கென்று எதுவும் இல்லை. ஊர் நாமக்கல். அப்பா லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை.

தம்பி, கடைசி வரியில் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

மியாசாகியின் படங்களில் பறக்கும் இயந்திரங்கள் ஏன் இவ்வளவு? அவர் குடும்பத்தினர் நடத்திய கம்பெனி விமானப் பாகங்கள் செய்தது. அவர் தன் வீட்டுக்குள் இருந்ததைப் பார்த்தார். நீங்கள் அவர் வரைந்ததைப் பார்க்கிறீர்கள். கற்றுக்கொள்ள ஒருவரைப் பார்த்து வரைவது தப்பே இல்லை, பக்கத்தில் பெயரையும் தேதியையும் எழுதிவைத்துவிடுங்கள். கூடவே ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போங்கள். வெறும் சேஸிஸ் ஓட்டிக்கொண்டு வரும் டிரைவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார், தகட்டில் சுத்தியல் பட்டு எகிறும்போது மணிக்கட்டு எங்கே தளர்கிறது, பக்கப் பலகையில் பூ வரைகிற பெயிண்டர் மூச்சை எங்கே பிடிக்கிறார் என்று பாருங்கள். ஒரு பக்கக் கோட்டை ஒரே இழுப்பில் போடும் அந்தக் கையைப் பத்து ஃபிரேமில் வரைய முடிந்தால், அது வேறு யாருடைய ஸ்கெட்ச்புக்கிலும் இருக்காது.

இன்னொன்று. ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் கறுப்பு அட்டையை வெட்டி, பின்னால் விளக்கு வைத்து, 1926-ல் ஒரு முழுநீள அனிமேஷன் படத்தையே வெளியிட்டார். அதைப் பார்க்கும்போது நம் தோல்பாவைக்கூத்து ஞாபகம் வராமல் இருக்காது. வாய்ப்பு கிடைத்தால் கூத்தைத் திரைக்குப் பின்னாலிருந்து பாருங்கள். பாவைக்கு மூட்டுகள் ரொம்பக் குறைவு. முகம் மாறவே மாறாது. ஆனால் கோபம் என்றால் பாவையைத் திரையோடு ஒட்டி அடிக்கிறார்கள், தயக்கம் என்றால் திரையிலிருந்து கொஞ்சம் விலக்குகிறார்கள், நிழல் மங்குகிறது. கண்ணும் புருவமும் அசையாமலே நடிப்பு வருகிறது. 3டி ரிக்கில் (கேரக்டரை அசைக்க உள்ளே வைக்கும் எலும்புக்கூடு மாதிரி அமைப்பு) நூறு கன்ட்ரோல் வைத்துக்கொண்டு முழிக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

ஏஐ இன்பிட்வீன் போட்டுவிடுமே, நாங்கள் ஏன் கற்க வேண்டும்?

போடும். இரண்டு படத்துக்கு நடுவில் ஒன்றைப் போடும். எந்த இடத்தில் போட வேண்டும் என்று சொல்லவும், போட்டது தப்பு என்று கண்டுபிடிக்கவும் ஸ்பேசிங் தெரிந்த ஆள் வேண்டும். பயம் நியாயமானது, எனக்கும் உண்டு. ஆனால் அதற்காகக் கற்காமல் இருப்பது வழி இல்லை.

கடைசி வருஷப் படம். கையால் வரையும் 2டி, மூன்று நிமிஷம், ஆறு மாசம், நான் ஒருத்திதான். நகரத்துக்குப் போன பேரன் ஊர் திரும்புகிறான், பாட்டி கதவைத் திறக்கிறாள், பிறகு ஊர்த் திருவிழாவில் ஒரு சண்டை. சரியா?

கணக்குப் போடுவோம். 180 நொடி, 4320 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்தினாலும் 2160 படங்கள், அதுவும் ஒரே ஒரு கேரக்டருக்கு. நாளைக்குப் பன்னிரண்டு படம் சுத்தமாக முடித்தால் 180 நாள். ஆறு மாசம் அங்கேயே போய்விட்டது. வண்ணம், பின்னணி, ஒலி எல்லாம் பாக்கி. திருவிழாக் கூட்டத்தை நினைக்கவே வேண்டாம்.

சண்டையை எடுத்துவிடுங்கள். திருவிழா தூரத்துக் கொட்டுச் சத்தமாக மட்டும் இருக்கட்டும். ஒரு நிமிஷம், 720 படங்கள், பாட்டி கதவைத் திறப்பது மட்டும். தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கம், முதல் இழுப்பில் வரவில்லை. பாட்டி இடது கையால் கதவை உள்பக்கம் அழுத்திக்கொண்டு மறுபடி இழுக்கிறாள். அந்தக் கதவு அவளுக்கு ஐம்பது வருஷப் பழக்கம் என்று அந்த இடது கையே சொல்லிவிடும். பேரனை நிழலாகக் காட்டினால் போதும். உங்கள் பாட்டி இருந்தால் நாளைக் காலையில் அவர் கதவைத் திறப்பதைப் படம் எடுங்கள். எடுக்கிறீர்கள் என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள், எடுத்த பிறகு காட்டி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். தெரிந்தால் புடவையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்துவிடுவார்.