ஜாருக்குள் தாய் சாலட்: கேளுங்கள், சொல்கிறேன்

பாங்காக்கில் சில வருடம் குடியிருந்தேன். அங்கே தெருவோரக் கடைகளில் நின்று பார்த்துக் கற்றதை இப்போது கண்ணாடி ஜாரில் அடுக்கி ஆபீஸுக்குக் கொண்டுபோகிறேன். கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோவை வாசகி: அக்கா, இரவே அடுக்கி வைத்தால் மதியத்துக்குள் சொதசொதவென்று ஆகிவிடுகிறது. எந்த வரிசையில் அடுக்கணும்?

வெள்ளரிக்காய்ப் பச்சடிக்கு உப்பை முதலிலேயே போட்டால் என்ன ஆகும்? அதே கதைதான். உப்பு பட்ட காய் தண்ணீர் விடும். அதனால் சாறு அடியில், இலை உச்சியில். நடுவில் இருப்பதெல்லாம் இந்த இரண்டும் சந்திக்காமல் பார்த்துக்கொள்கிற காவல்காரர்கள்.

ஒருவருக்கு முக்கால் லிட்டர் அகலவாய் ஜார் போதும். எலுமிச்சைச் சாறு 2 மேஜைக்கரண்டி, ஃபிஷ் சாஸ் அரை முதல் 1, பனைவெல்லம் 1, ஒரு பல் பூண்டு, ஒரு காந்தாரி மிளகாய் எல்லாவற்றையும் நசுக்கிக் கலந்து அடியில் ஊற்றுங்கள். அதன்மேல் சாற்றில் ஊறினாலும் பரவாயில்லாத கெட்டிக் காய்கள்: கேரட், முட்டைக்கோஸ், ஒரு நிமிடம் வெந்நீரில் போட்டெடுத்த காராமணிக்காய். அடுத்து குடைமிளகாய், விதை வழித்த வெள்ளரி. பிறகு வறுத்த டோஃபு அல்லது முட்டை, அதற்கு மேல் நூடுல்ஸ். கடைசியில் கொத்தமல்லி, புதினா, லெட்யூஸ். வறுத்த வேர்க்கடலையைத் தனியாக ஒரு சின்னப் பொட்டலத்தில் வையுங்கள். ஜாருக்குள் போட்டால் மதியம் அவித்த கடலைதான் சாப்பிடுவீர்கள்.

இன்னொன்று. கழுவிய கீரையை ஈரத்தோடு போடாதீர்கள். துணியில் ஒற்றி எடுங்கள். இதை இன்னும் நாலு முறை சொல்லப்போகிறேன்.

சேலம் வாசகர்: தாய் சாலட் என்றால் அம்மா செய்கிற சாலட்டா?

உங்கள் அம்மா செய்து கொடுத்தால் அதுவும் அதுதான்.

திருச்சி வாசகி: ஃபிஷ் சாஸ் வாடை எங்கள் வீட்டில் ஆகாது. நாங்கள் சைவம் வேறு.

தாய்லாந்திலேயே 'ஜே' என்று சைவச் சமையல் உண்டு. ஃபிஷ் சாஸுக்குப் பதில் அங்கே வெளிர் நிறச் சோயா சாஸ் ஊற்றுவார்கள். நீங்களும் அதை ஊற்றி ஒரு சிட்டிகை உப்பு போடுங்கள், போதும். சைவமோ அசைவமோ, அளவு முக்கியம். ஒரு மேஜைக்கரண்டி ஃபிஷ் சாஸில் சுமார் 1400 மில்லிகிராம் சோடியம் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே 2000-க்குள் நிறுத்தச் சொல்கிறது. ஆரோக்கியம் என்று பெயர் வைத்துவிட்டு அதிலேயே உப்பைக் கொட்டக்கூடாது. சாஸைக் குறைத்து எலுமிச்சையைக் கூட்டுங்கள்.

மதுரை வாசகர்: எத்தனை நாள் வைக்கலாம்?

ஃபிரிட்ஜில் மூன்று நாள். இறால், முட்டை இருந்தால் இரண்டு.

சென்னை வாசகி: அரிசி நூடுல்ஸ் போட்டேன், மறுநாள் விறைத்துப்போய் முறிகிறது.

ஃபிரிட்ஜில் வைத்த இடியாப்பம் என்ன ஆகும்? அரிசி மாவுச்சத்து குளிரில் இறுகிவிடும். பாசிப்பயறு மாவுச்சத்தில் செய்த கண்ணாடி நூடுல்ஸ் வாங்குங்கள். 'யம் வுன் சென்' என்ற தாய் சாலட்டே அதில்தான் செய்கிறார்கள். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம், கொதிநீரில் ஒரு நிமிடம், பிறகு நன்றாக வடித்து ஆறவிடுங்கள். சூடாக ஜாரில் போட்டால் மூடியில் வியர்த்து இலைமேல் சொட்டும். ஈரம், ஈரம்!

பெங்களூரு வாசகர்: நானும் பாங்காக்கில் இருந்தவன். உரலில் இடிக்காத பப்பாளிக்காய் சாலட் சோம் தம்மே இல்லை. ஜாரில் அடைத்துவிட்டு அந்தப் பெயர் சொல்லாதீர்கள்.

ஒப்புக்கொள்கிறேன். 'சோம்' என்றால் புளிப்பு, 'தம்' என்றால் இடிப்பது. கடைக்கார அம்மா வலது கையில் உலக்கை, இடது கையில் கரண்டி பிடித்துக்கொண்டு, ஒரு இடிக்கு ஒரு புரட்டு என்று 'பொக் பொக்' பண்ணுவார். காராமணி நசுங்கும், பப்பாளிக்காய் நசுங்காது, லேசாகக் கன்றும். அந்தக் கன்றலில்தான் சாறு ஏறும். ஜாரில் அது வராது. ஆனால் நான் சோம் தம் என்று எங்கே சொன்னேன்? அதன் புளிப்பு, உப்பு, இனிப்பு, காரத்தைத்தான் கடன் வாங்குகிறேன். பப்பாளிக்காய் போடுவதானால் கோழி, இறால் பக்கம் சேர்க்காதீர்கள். கறியை மெத்தென்று ஆக்க நாம் அரைத்துப் பூசுகிற அதே காய்தானே.

உடன்குடி வாசகர்: பனைவெல்லம் என்று பொதுவாகச் சொன்னால் எப்படி? கருப்பட்டி என்று சொல்லக் கூச்சமா?

கூச்சமில்லை அண்ணாச்சி, நிறம்தான். தாய்லாந்தில் பெட்சபுரிப் பக்கம் நம் பனைமரமேதான் நிற்கிறது. அதன் சாற்றிலும் வெல்லம் காய்ச்சுகிறார்கள். நாம் பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறோம், அவர்கள் மரச்சீவல் போடுகிறார்கள். அவர்கள் வெல்லம் வெளுப்பாக, மிருதுவாக இருக்கும். கருப்பட்டி போட்டால் எலுமிச்சை வாசனை அமுங்கிப்போகிறது.

அவரே மறுபடி: நிறத்துக்கா சாப்பிடுகிறோம்? போட்டுப் பார்த்தீர்களா?

பார்த்தேன். முட்டைக்கோஸ் சாயம்போன துணி மாதிரி ஆகிவிட்டது. பனங்கற்கண்டைப் பொடித்துப் போட்டேன், அது பொருந்தியது.

நாகர்கோவில் வாசகி: அண்ணாச்சி சொல்வது சரிதான். எலுமிச்சைக்குப் பதில் புளி ஊற்றிப் பாருங்கள், கருப்பட்டி கூடப் போகும்.

இது நல்ல யோசனை. பாட் தாய் என்கிற தாய்லாந்து வதக்கு நூடுல்ஸின் சாஸே புளியும் பனைவெல்லமும்தான். புளித்தண்ணீர், கருப்பட்டி, சோயா சாஸ், நசுக்கிய வறுத்த கடலை சேர்த்தால் நிறம் உறுத்தாது. அண்ணாச்சிக்குப் பாதி வெற்றி. கடையில் வாங்கும்போது சர்க்கரைப் பாகு கலக்காத கருப்பட்டியாகப் பாருங்கள்.

ஈரோடு வாசகர்: கருப்பட்டி என்றால் சர்க்கரை நோயாளிகள் எவ்வளவும் சாப்பிடலாம்தானே?

கூடாது. அதுவும் பெரும்பாலும் சர்க்கரையே. மருத்துவரைக் கேளுங்கள்.

வேலூர் வாசகி: எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?

மதுரைக்காரருக்குச் சொன்ன பதில்தான்.

தஞ்சை வாசகி: கர்ப்பமாக இருக்கிறேன், பப்பாளிக்காய் போடலாமா?

வேண்டாம். முட்டைக்கோஸ் போடுங்கள். மற்றதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

கடலூர் வாசகர்: ஆபீஸில் ஃபிரிட்ஜ் இல்லை. காலையில் செய்து மேஜையிலேயே வைத்தால் எத்தனை நாள்... மன்னிக்கவும், எத்தனை மணி நேரம்?

வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான், கடலூரில் அது பெரும்பாலான நாள். ஐஸ் பேக் போட்ட பையில் வையுங்கள். இறால், முட்டையை விட்டுவிட்டு வறுத்த கடலையோடு நிறுத்துங்கள்.

திண்டுக்கல் வாசகி: ஜார் மூடியில் பூண்டு வாடை போகவே மாட்டேன் என்கிறது.

ரப்பர் வளையத்தைக் கழற்றிச் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போட்டு வெயிலில் காயவையுங்கள். காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஈரத்தோடு அல்ல.