27.97 எங்கே, 17.5 எங்கே? ஹைப்ரிட் எஸ்யூவி வைத்திருப்பவரின் சந்தேகங்கள்

கேள்வி: கோவை வடவள்ளியில் இருக்கிறோம். வீட்டில் ஐந்து பேர். போன வருஷம் 1.5 லிட்டர் ஸ்ட்ராங் ஹைப்ரிட் எஸ்யூவி எடுத்தோம். லிட்டருக்கு 27.97 கி.மீ. என்று சொல்லித்தான் விற்றார்கள். எனக்கு 17.5-ஐத் தாண்டவில்லை. சர்வீஸில் கேட்டால் "எல்லாம் நார்மல் சார்" என்கிறார்கள். வால்பாறையிலிருந்து இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரில் காலே வைக்கவில்லை, இன்ஜின் உறுமுகிறது. மூன்று வாரம் ஊரில் இல்லாமல் திரும்பி வந்தால் வண்டி உயிரில்லாமல் நிற்கிறது. பேட்டரி போனால் லட்சக்கணக்கில் செலவு என்று பக்கத்து வீட்டுக்காரர் வேறு பயமுறுத்துகிறார். இதையெல்லாம் பார்த்த பிறகும் நாமக்கல்லில் இருக்கும் என் மச்சான் இதே வண்டியை எடுக்கத் துடிக்கிறார். எடுக்கலாமா?

பதில்: உங்கள் வண்டி மாருதி கிராண்ட் விட்டாராவா டொயோட்டா ஹைரைடரா என்று நீங்கள் எழுதவில்லை. பரவாயில்லை. 2022-இல் வந்த இந்த இரண்டுக்கும் உள்ளே இருப்பது ஒரே சமாச்சாரம்தான், பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் மாறி மாறியோ சேர்ந்தோ வண்டியை ஓட்டும். 1490 சி.சி. மூன்று சிலிண்டர் இன்ஜின், 80 பி.எஸ். (குதிரைத்திறன்) மோட்டார், 0.76 கிலோவாட் அவர் லித்தியம் பேட்டரி. இன்ஜினும் மோட்டாரும் சேர்ந்து கொடுப்பது ஏறத்தாழ 116 பி.எஸ். கர்நாடகாவில் பிடதி ஆலையில் பக்கத்துப் பக்கத்தில் பிறந்த வண்டிகள். பதில் இரண்டுக்கும் பொருந்தும்.

முதலில் மைலேஜ். 27.97 என்பது பொய்யில்லை, ஆனால் அது ரோட்டில் எடுத்த கணக்கும் இல்லை. சோதனைக்கூடத்தில் ஏ.சி.யை அணைத்துவிட்டு, உருளைகளின் மேல் வண்டியை ஓட்டி எடுப்பது. அதில் உச்ச வேகமே 90 கி.மீ. தான். இந்த வண்டி வைத்திருப்பவர்கள் பொதுவாகச் சொல்வது நகரத்துக்குள் 21 முதல் 24 வரை, நான்கு வழிச்சாலையில் 90, 100-இல் போனால் 20-ஐ ஒட்டி, 110-ஐத் தாண்டினால் 17, 18. சாதாரண வண்டிகளுக்கு நேர் தலைகீழ் என்பதைக் கவனியுங்கள். ஹைவேயில் இன்ஜின் ஓய்வில்லாமல் ஓடும், பிரேக்கும் அதிகம் பிடிக்க மாட்டோம், அதனால் ஹைப்ரிட்டுக்கு அங்கே பெரிதாக வேலையில்லை. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலும் இதற்கு ஒரு காரணம். எத்தனாலில் எரிசக்தி குறைவு என்பதால் சுத்த பெட்ரோலோடு ஒப்பிட்டால் 6 சதவீதம் போல அடி வாங்கும்.

அதையெல்லாம் கழித்தாலும் 17.5 குறைவுதான். காரணம் போனில் பேசியபோதே பிடிபட்டுவிட்டது. காலையில் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பள்ளிக்கூடம், திரும்பி வீடு. ஒரு மணி நேரம் கழித்து ஆபீஸ். மாலையில் மறுபடி பள்ளிக்கூடம், அப்புறம் காய்கறிக் கடை. ஒவ்வொரு முறையும் ஆறிப்போன இன்ஜினோடு கிளம்புகிறீர்கள். ஆறின இன்ஜின் என்றால், பேட்டரியில் சார்ஜ் இருந்தாலும் வண்டி இன்ஜினை ஓடவிட்டுத்தான் தீரும். சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூடானால்தான் புகை சுத்தமாகும், அதற்காக. அது சூடாகி, "சரி, இனி மோட்டாரில் போகலாம்" என்று வண்டி முடிவெடுக்கும் நேரத்தில் நீங்கள் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறீர்கள். கணினிக்குக் குறையில்லை, வண்டிக்கும் குறையில்லை. இதே ஓட்டத்தில் ஹைப்ரிட் இல்லாத ஆட்டோமேட்டிக்கை விட்டிருந்தால் 10, 11 பார்த்திருப்பீர்கள். மகளை இறக்கிவிட்டு அப்படியே ஆபீஸ் போக வழி இருந்தால் அதைச் செய்யுங்கள். இல்லையென்றால் பள்ளிக்கு ஸ்கூட்டர் போதும்.

நீங்கள் போகிறபோக்கில் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது. சிக்னலில் நின்றால் நியூட்ரலுக்கு மாற்றிவிடுவேன் என்றீர்கள். கியர் வண்டி ஓட்டிய கைக்கு அது நல்ல பழக்கம். இதில் வேண்டாம். நியூட்ரலில் இருக்கும்போது இந்த வண்டி பெரிய பேட்டரியைச் சார்ஜ் செய்யாது. ஆனால் ஏ.சி. கம்ப்ரசர் ஓடுவது அந்தப் பேட்டரியில்தான், பெல்ட்டில் இல்லை. ஆக லட்சுமி மில்ஸ் சிக்னலில் நிற்கும் நேரமெல்லாம் செலவு மட்டும் நடக்கிறது, வரவு இல்லை. சார்ஜ் இறங்கிப்போனால் அதை ஈடுகட்ட இன்ஜின்தான் அப்புறம் கூடுதலாக ஓட வேண்டும். ‘டி’ (டிரைவ்) நிலையிலேயே வைத்து பிரேக்கில் கால் வையுங்கள். கால் வலிக்கிறதென்றால், உங்கள் மாடலில் பிரேக் ஹோல்ட் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். சிக்னலை நெருங்கும்போதும் உருட்டிக்கொண்டே வந்து கடைசியில் நியூட்ரலுக்குத் தள்ளுவீர்கள் என்று ஊகிக்கிறேன். சக்கரம் சுற்றுவதை மின்சாரமாக மாற்றித் திருப்பித் தருவதற்கு வண்டிக்குக் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பம் அதுதான். தூரத்திலேயே லேசாக பிரேக்கை மிதித்து, நீளமாக நிறுத்துங்கள். சடாரென்று மிதித்தால் பேட்டரிக்குப் போக வேண்டியது டிஸ்க்கில் சூடாகப் போய்விடும்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். வெயிலில் நின்ற வண்டியில் ஏறினால் கண்ணாடியை இறக்கி ஒரு நிமிஷம் ஓட்டிவிட்டு ஏ.சி. போடுங்கள். மைலேஜை ஸ்பீடோமீட்டர் திரையை நம்பிச் சொல்லாதீர்கள். ஒரே பெட்ரோல் பங்க், ஒரே பம்ப், ஆட்டோ கட் ஆகும்வரை டேங்க்கை நிரப்பி, 400 கி.மீ. ஓட்டி, மறுபடி அதேபோல் நிரப்பிக் கணக்குப் போடுங்கள்.

அடுத்தது வால்பாறை. இதற்காகச் சர்வீஸ் சென்டருக்கு அலைய வேண்டாம். பேட்டரி 0.76 கிலோவாட் அவர்தான் என்றேன் அல்லவா. அது பெட்டிக்கடைக் கல்லா மாதிரி, வருவதும் போவதுமாக இருக்கும், சேர்த்து வைக்க இடம் கிடையாது. நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஆழியாறு நோக்கி இறங்கும்போது, பாதி வழியிலேயே பேட்டரி அதற்கு அனுமதிக்கப்பட்ட அளவுக்கு நிரம்பிவிடுகிறது. அதன் பிறகும் சரிவு தள்ளிக்கொண்டே இருக்கிறது, வண்டி உற்பத்தி செய்யும் மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லை. அப்போது வண்டி என்ன செய்கிறதென்றால், அந்த மின்சாரத்தைக் கொண்டே இன்ஜினைச் சும்மா சுற்றவைத்து வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. நீங்கள் கேட்ட உறுமல் அதுதான். சத்தம்தான் வருகிறதே தவிர பெட்ரோல் எரிவதில்லை. உங்கள் பிரேக்கைக் காப்பாற்றும் சத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்குத்தான இறக்கத்தில் நீங்களாகவே லீவரை ‘B’-க்குத் (இறக்கத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் நிலை, பார்க்கிங் ‘P’ இல்லை) தள்ளிவிட்டால் இந்த வேலை முன்கூட்டியே ஆரம்பிக்கும். சமதளத்துக்கு வந்ததும் ‘டி’-க்குத் திரும்ப மறக்காதீர்கள், பலர் பொள்ளாச்சி வரை ‘B’-யிலேயே போய்விட்டு மைலேஜ் இல்லை என்கிறார்கள். ஏற்றத்தில் வரும் சத்தம் வேறு கதை. ஐந்து பேரும் சாமானும் ஏறி மலை ஏறினால் மூன்று சிலிண்டர் இன்ஜின் ஒரே ஸ்தாயியில் கத்திக்கொண்டே வரும், வேகம் மெதுவாகத்தான் கூடும். அது இந்த வண்டியின் சுபாவம். எனக்கும் பிடிக்காது.

மூன்று வாரம் நின்று உயிர் போன கதைக்கு வருவோம். போனது பெரிய பேட்டரி இல்லை. எல்லா வண்டியிலும் இருக்கிற 12 வோல்ட் பேட்டரி. ஹைப்ரிட்டில் அதன் வேலை இன்ஜினைச் சுற்றுவது இல்லை, கணினிகளை எழுப்பி, பெரிய பேட்டரியின் இணைப்பைத் திறந்துவிடுவது. அது படுத்துவிட்டால் பின்னால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் பயனில்லை. நின்றிருக்கும்போதும் பதிவு செய்கிற டேஷ் கேமரா மாட்டியிருந்தால் சீக்கிரமே படுக்கும். நீண்ட நாள் ஊருக்குப் போவதாக இருந்தால் கேமராவின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், வீட்டில் யாரிடமாவது சொல்லி வாரம் ஒருமுறை அரைமணி நேரமாவது ஓட்டச் சொல்லுங்கள். ஓட்டத் தெரிந்தவர் இல்லையென்றால் பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தி ‘ரெடி’ விளக்கு எரியவைத்து, ‘P’ என்ற பார்க்கிங்கிலேயே நிறுத்தி வைத்தால் போதும். இடையில் இன்ஜின் தானாகவே ஓடும், நிற்கும். அதனால் கதவடைத்த கார் ஷெட்டுக்குள் இதைச் செய்யவே கூடாது. புகை உயிரைப் பறித்துவிடும். வெறுமனே இக்னிஷனை ஆன் செய்து பாட்டு கேட்டால் 12 வோல்ட் இன்னும் இறங்கும், ‘ரெடி’ எரிய வேண்டும்.

அந்த ‘ரெடி’ பற்றி வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். சத்தமே இல்லாததால் வண்டி ஆஃப் என்று நினைத்து சாவியோடு இறங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே பிள்ளை உட்கார்ந்து லீவரைத் தொட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

12 வோல்ட் படுத்தால் வேறு வண்டியின் பேட்டரியிலிருந்து ஒயர் மாட்டி ஜம்ப் கொடுத்து எழுப்பலாம், மேனுவலில் எந்த இடத்தில் கிளிப் மாட்டுவது என்று படம் இருக்கும். ஆனால் அடுத்தவர் வண்டி நின்றுவிட்டது என்று உங்கள் ஹைப்ரிட்டிலிருந்து ஜம்ப் கொடுக்காதீர்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டு மெக்கானிக் நம்பர் கொடுங்கள், அது போதும். உங்கள் வண்டியையே இழுத்துப்போக நேர்ந்தாலும் முன் சக்கரம் தரையில் உருள விடக்கூடாது. மோட்டார் அந்தச் சக்கரத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. வண்டியை முழுசாக மேலே ஏற்றிக்கொள்ளும் பிளாட்பெட் லாரிதான் வேண்டும் என்று ரோட்சைடு உதவிக்குப் போன் செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் பெரிய பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி இருக்கிறது, எது முதலில் வருகிறதோ அது. இந்த வகை ஹைப்ரிட் 1997-இல் ஜப்பானில் பிரியஸிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, எத்தனையோ ஊர்களில் டாக்ஸியாகத் தேய்ந்திருக்கிறது. பேட்டரியை முழுசாகக் காலியாகவும் விடாமல், முழுசாக நிரப்பவும் விடாமல் வண்டியே பார்த்துக்கொள்வதால்தான் அது தாங்குகிறது. நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். பின் சீட்டை ஒட்டி ஒரு காற்றுத் துளை இருக்கும், பேட்டரி குளிர்ச்சிக்கு அதன் வழியாகத்தான் காற்று இழுக்கிறது. ஐந்து பேர் போகிற வண்டியில் அங்கே என்னவெல்லாம் சேரும் தெரியுமா? முறுக்குத் தூள், தலைமுடி, பாட்டியின் சால்வை, பள்ளிக்கூடப் பை. அந்தத் துளையை எதுவும் மூடாமல் இருக்கட்டும். சர்வீஸுக்கு விடும்போது, "பேட்டரி ஃபேன் ஃபில்டரைப் பார்த்தீர்களா?" என்று கேட்டு, ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். வாரண்டிக்குப் போய் நிற்க வேண்டி வந்தால் அந்தத் தாள்தான் பேசும். வெளியில் ஆக்ஸசரி மாட்டுகிறேன் என்று ஆரஞ்சு நிற ஒயர்ப் பக்கம் யாரையும் போகவிடாதீர்கள், அது உயர் அழுத்த மின்சாரம்.

கடைசியாக மச்சான். அவர் மாதம் ஆயிரம் கி.மீ. ஓட்டுகிறார், பெரும்பாலும் நாமக்கல்-சேலம்-சென்னை என்று சொன்னீர்கள். ஹைப்ரிட் இல்லாத ஆட்டோமேட்டிக்குக்கும் இதற்கும் ஷோரூம் விலையில் 2 லட்சம் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், 10 முதல் 20 லட்சம் வரையிலான கார்களுக்குத் தமிழ்நாட்டில் 18 சதவீதம் ஆயுள் வரி, அதனால் கையைவிட்டுப் போவது 2,36,000 ரூபாய். ஹைவேயில் அது 16, இது 19.5 கொடுத்தால் வருஷத்துக்கு மிச்சம் 135 லிட்டர் போல. லிட்டர் 101 ரூபாய் வைத்தால் 13,600. போட்ட பணம் திரும்ப 17 வருஷம் ஆகும். அதே 12,000 கி.மீ.யைக் கோவை மாதிரி ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு 13-க்கும் 21-க்கும் உள்ள வித்தியாசத்தில் வருஷம் 35,500 மிச்சம், ஆறரை வருஷத்தில் கணக்குத் தீரும். உங்களுக்குச் சரியாக வரும் வண்டி அவருக்கு வராது.

பணத்தைவிட அவரை முதலில் உறுத்தப்போவது டிக்கி. பேட்டரி அங்கே உட்கார்ந்திருப்பதால் ஹைப்ரிட்டில் 265 லிட்டர்தான் மிஞ்சும், சாதாரண மாடலில் 373. ஷோரூமுக்குப் போகும்போது இரண்டு பெரிய சூட்கேஸைக் கையோடு எடுத்துப்போய் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சேல்ஸ்மேன் முகம் மாறினால் மாறட்டும். நெடுஞ்சாலையே பிழைப்பு என்றால் கிரெட்டா, செல்டாஸ் 1.5 டீசலை ஓட்டிப் பார்க்கட்டும், ஏற்றத்திலும் ஓவர்டேக்கிலும் அந்த இழுவை இதில் கிடையாது.

அவர் செகண்ட் ஹேண்டில் இந்த ஹைப்ரிட்டைத் தேடுவதாகவும் சொன்னீர்கள். அப்படியென்றால் தயாரிப்பு மாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 2024 டிசம்பருக்கும் 2025 ஏப்ரலுக்கும் இடையில் தயாரான வண்டிகள் பலவற்றை, பெட்ரோல் அளவைக் காட்டும் மீட்டர் தவறாகக் காட்டலாம் என்று 2025 நவம்பரில் திரும்ப அழைத்தார்கள். சேஸிஸ் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டால் அந்த வேலை பாக்கி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பாக்கி இருந்தால் இலவசமாகவே செய்து தருவார்கள், அதை முடித்த ரசீதோடு வந்தால்தான் அட்வான்ஸ் என்று விற்பவரிடம் சொல்லிவிடலாம்.